மிச்சம் விழுந்த இடம்

நீலா அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சிரிக்காமல் சொல்லியிருந்தால் கீர்த்தி அங்கேயே சண்டை பிடித்து, அன்று சாயங்காலமே ஆறிப்போய், மறந்தும் போயிருப்பாள்.

விம்கோ நகர் மெட்ரோ வாசலில் நீலா மீன் சட்டியைக் கீழே வைத்துவிட்டு ஷேர் ஆட்டோவுக்கு நின்றிருந்தாள். ஆபீசுக்குக் கிளம்பிய கீர்த்தி படியில் கால் வைக்கப் போனபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"இன்னா கீர்த்தி, ஒம் மிஷினு ஒங்க நைனா பேர கண்டா மட்டும் மயங்கிப்பூடுதாமே?"

"இன்னாக்கா சொல்ற?"

"பங்கு எறாவ சொல்றேன். ஒங்கம்மா சட்டியும் எஞ்சட்டியும் பக்கத்துல பக்கத்துல தான் வெச்சிகினு விக்கிறோம். எனக்கும் ரெண்டு கண்ணு கீதுல்ல?"

ஆட்டோ வந்தது. சட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நீலா போய்விட்டாள். போகும்போதும் அந்தச் சிரிப்பு முகத்தில் இருந்தது.

கீர்த்தி ஏறாமல் படியிலேயே நின்றாள். நீலாவின் புருஷன் ரஞ்சித்தும் கீர்த்தியின் அப்பா திருமலையும் ஒரே படகு. காசிமேட்டிலிருந்து போகும் விசைப்படகு. திருமலை அதற்கு டிரைவர். ரஞ்சித்தோடு சேர்த்து அவருக்குக் கீழே ஆறு பேர். அந்த ஆறு பேரும் நம்புகிறவரைக்கும்தான் அவர் டிரைவர். அவர்கள் இறங்கிக்கொண்டால் ராயபுரத்து ஓனர் ஒரு போனில் வேறு டிரைவரைப் பிடித்துவிடுவார். ஐம்பதைத் தாண்டிய ஆளை, அதுவும் பங்கில் கை வைத்தான் என்று பெயரெடுத்த ஆளைக் காசிமேட்டில் இன்னொரு படகு சீந்தாது. படகில்லாத திருமலை வீட்டில் என்ன செய்வார் என்று கீர்த்தியால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. விடுமுறை நாளில் அரை நாள் சும்மா உட்கார்ந்தாலே மனிதர் ஃபேனைக் கழற்றிப் போட்டுவிடுவார்.

பங்கு எறா என்பது பங்காக வரும் இறால், வேறொன்றும் இல்லை. கரைக்கு வந்ததும் மீன் ஏலத்துக்குப் போகும், அந்தப் பணம் ஓனருக்கும் கூலிக்கும். ஏலத்துக்குப் போகுமுன் படகு ஆட்களுக்கென்று கொஞ்சம் ஒதுக்குவார்கள். அதை வீட்டுப் பெண்கள் மார்க்கெட்டில் விற்பார்கள். இதில் மட்டும் டிரைவர், கூலி என்ற பேதம் கிடையாது. ஏழு பேர், ஏழு சமப் பங்கு. முன்பெல்லாம் தார்ப்பாயில் ஏழு கூறு போடுவார்கள். ஒருவன் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொள்வான். இன்னொருவன் ஒரு கூறைத் தொட்டு "இது யாருக்கு?" என்பான். திரும்பி நிற்கிறவன் வாயில் வந்த பெயரைச் சொல்வான். கூறு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. திரும்பி நிற்கிற வேலை எப்போதும் ரஞ்சித்துக்குத்தான். பெயர்களைப் பாட்டுப் பாடுகிற மாதிரி இழுத்துச் சொல்வான்.

ஆனால் அந்த ஏழு கூறைப் போட்டு முடிப்பதற்குள் உயிர் போய்விடும். இதிலிருந்து எடுத்து அதில் போடு, அதிலிருந்து எடுத்து இதில் போடு என்று ஆளாளுக்கு ஒரு யோசனை. ஐஸ் கரையும், எறா தலை கறுக்கும், கறுத்த எறாவை மார்க்கெட்டில் பாதி விலைக்குக் கேட்பார்கள். வீட்டில் அப்பா இதைச் சொல்லிச் சொல்லிப் புலம்பியதைக் கேட்டுத்தான் கீர்த்தி அந்த மிஷினைச் செய்து கொடுத்தாள். மிஷின் என்பது படகுக்காரர்கள் வைத்த பெயர். அது ஒரு பழைய டேப்லெட். அதோடு பேசுகிற ஒரு தொங்கு தராசு. முதலில் மொத்தத்தையும் நிறுத்துவிட வேண்டும். பிறகு டேப்லெட் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடும். அந்த ஆளின் கூடையைக் கொக்கியில் மாட்டி எறாவை அள்ளிப் போட்டுக்கொண்டே வந்தால், பங்கு நிறைந்ததும் ஒரு சத்தம் போடும். அடுத்த பெயர். அவ்வளவுதான். எத்தனை கிலோ என்றுகூட யாரும் பார்க்க வேண்டாம்.

வெளியே பார்க்க இவ்வளவு சின்னது. உள்ளே அவள் கட்டியிருந்தது மாளிகை. கணக்குப் போடும் பகுதியை எந்த எண்ணுக்கும் பொதுவாக எழுதியிருந்தாள். முழு எண்ணோ, தசமமோ, பின்னமோ, எது வேண்டுமானாலும் உள்ளே வரலாம். வாசலில் மட்டும் சில கேள்விகள். உன் இனத்து எண் இரண்டைக் கூட்டத் தெரியுமா? கழிக்கத் தெரியுமா? எது பெரிது என்று சொல்வாயா? உன் இனத்தில் பூஜ்யம் எது? உன்னை இத்தனை பங்காகப் பிரித்துத் தருவாயா? எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்ட எண்ணை அவள் எழுதிய கோடு, அதாவது கணினி நிரல், வேறெதுவும் கேட்காது. நீ கிராமா கிலோவா, யார் வீட்டுப் பிள்ளை என்றெல்லாம் விசாரிக்காது. இந்த வாசலுக்கு அவள் பார்க்கிற சாஃப்ட்வேர் தொழிலில் இன்டர்ஃபேஸ் என்று பெயர். அதைச் சரியாக அமைத்துவிட்டால் ஒரே கோடு எல்லா எண்ணுக்கும் உழைக்கும் என்பதில் கீர்த்திக்குத் தலைகால் புரியாத பெருமை.

அவளோடு வேலை பார்க்கிற உசேன் வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறுவான். கிண்டி வரும்வரை இருவருக்கும் இதே பேச்சுத்தான். அவன் ஒன்றில் மட்டும் முரண்டு பிடித்தான்.

"கூட்டறது கயிக்கறதெல்லாம் ஓகே. பங்கு பிரிக்கறத இதுல வெக்காத கீர்த்தி. பின்னத்த ஏயா பிரிச்சா சுத்தமா பிரிஞ்சிடும். முழு நம்பர பிரிச்சா மிச்சம் வியும். ரெண்டும் ஒரே வேலை இல்ல. ஒரே பேர்ல வெச்சா பேஜாராய்டும்."

"மிச்சம் வியுந்தா இன்னா? யாராவது ஒருத்தர் பங்குல சேத்துடலாம். பங்கெல்லாம் திருப்பிக் கூட்டுனா பழைய நம்பரே வரணும். அது ஒண்ணு தான் ரூல். ஒரு கிராம் கூட காணாம போவக் கூடாது."

"யார் பங்குல?"

"மொத ஆளு பங்குல. கிராம் கணக்குல போனா மிஞ்சி மிஞ்சி ஆறு கிராம். ஒரு எறாவுக்குக் கூட காணாது."

உசேன் உதட்டைப் பிதுக்கிவிட்டுக் காதில் பாட்டை மாட்டிக்கொண்டான். அவள் அன்றைக்கே அந்த வரியை எழுதினாள். மிச்சம் முதல் ஆளுக்கு. பெயர்ப் பட்டியலில் முதல் பெயராக அப்பா பெயரைத் தட்டினாள். மகள் செய்த மிஷினில் வேறு யார் பெயர் முதலில் வரும்? எல்லாம் முடிந்தபின், கிராமுக்குப் பக்கத்தில் 'முழு கிலோ' என்று இன்னொரு பொத்தானும் வைத்தாள். யாருக்கும் தேவைப்பட்டு இல்லை. கிராமுக்கு எழுதிய கோடு முழு கிலோவுக்கும் ஒரு எழுத்து மாறாமல் ஓடுகிறது என்று பார்த்து ரசிக்கத்தான் வைத்தாள்.

சில மாதம் படகில் அவள்தான் ராணி. ரஞ்சித் ஒருவன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். முதுகு காட்டி நிற்கிற வேலை போய்விட்டதே.

இப்போது நீலா இப்படிச் சொல்லிவிட்டுப் போகிறாள்.

சந்தேகம் வந்தால் வந்ததுதான், பிறகு சோற்றில்கூட அதுதான் தெரியும். அன்று ராத்திரி சாப்பிடும்போது தட்டில் எறா தொக்கு நிறையவே இருந்தது. முன்பும் இப்படித்தான் இருந்ததா, இப்போதுதான் அதிகமா என்று கீர்த்திக்கு ஞாபகமில்லை.

"ம்மா, பங்கு இப்பல்லாம் ஜாஸ்தியா வருதா?"

"வந்தத விக்கறேன். எனக்கின்னா தெரியும்?" அம்மா சட்டென்று எழுந்து தண்ணீர் மொண்டு வரப் போனாள். செம்பில் தண்ணீர் இருந்தது.

திருமலை தலை நிமிராமல் சாப்பிட்டார். மிஷினைப் பற்றி வாய் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த மனிதர் கொஞ்ச நாளாக அதன் பேச்சையே எடுப்பதில்லை. வெளியே நாலு பேர் தப்பாகப் பேசுவது அவர் காதுக்கும் எட்டியிருக்கும், அந்த வருத்தம் என்று கீர்த்தி நினைத்தாள். யாரோ ஒருவன் அப்பாவைக் கவிழ்க்கப் பார்க்கிறான் என்பது அவளுக்குத் தீர்மானமாகிவிட்டது. யார் என்பதுதான் பாக்கி.

முதலில் உசேன்மேல் பாய்ந்தது புத்தி. கோடு அவனிடமும் இருக்கிறது. தன் பேச்சைக் கேட்கவில்லை என்று கடுப்பில் இருந்தவன், விளையாட்டாக எதையாவது மாற்றி வைத்திருந்தால்? மறுநாள் மெட்ரோவில் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவன் கொட்டாவி விட்டான். அந்தக் கொட்டாவிகூடக் களவாணித்தனமாகத் தெரிந்தது.

"நம்ம தராசு கோட நீ எப்பயாச்சும் தொறந்தியா?" என்று பட்டும் படாமலும் கேட்டாள்.

உசேன் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தான். "நா எதுனா சொருவிட்டேன்னு நெனக்கிறியா? எறாவே எனக்கு ஆவாதும்மா. வாசன பட்டாலே ஒடம்பெல்லாம் தடிச்சிரும். இன்னா ஆச்சி, ஒயுங்கா சொல்லு."

சொன்னாள். படகில் பேசிக்கொள்கிறபடி, ஒரு நாள் எல்லாருக்கும் சரியாக இருக்கிறதாம், இன்னொரு நாள் அப்பாவுக்கு மட்டும் தூக்கலாக விழுகிறதாம், பார்க்கிறவர்களுக்கு வேண்டுமென்றே செய்கிற மாதிரி இருக்கிறதாம். உசேன் மடிக்கணினியைத் திறந்து முழங்காலில் வைத்துக்கொண்டான். மொத்தம் நூற்று நாற்பத்தாறு கிலோ என்று கொடுத்தான், ஏழு பேர். கிராமில் ஓட்டினான். ஆளுக்கு இருபது கிலோ எண்ணூற்று ஐம்பத்தேழு கிராம், முதல் ஆளுக்கு மட்டும் ஒரு கிராம் கூட.

"பாத்தியா? கரீட்டா கீது" என்றாள் கீர்த்தி.

அவன் 'முழு கிலோ'வைத் தட்டினான். ஆளுக்கு இருபது கிலோ. முதல் ஆளுக்கு இருபத்தாறு.

கோடு ஒரு தப்பும் செய்யவில்லை. பங்கெல்லாம் கூட்டினால் மொத்தம் சரியாக வருகிறது. மிச்சத்தை முதல் ஆளிடம் போடு என்றாள், போட்டது. கிராமில் ஆறு என்றால் ஆறு கிராம், கிலோவில் ஆறு என்றால் ஆறு கிலோ. என்ன எண் என்று விசாரிக்காதே என்று அவள்தான் அதற்குச் சொல்லி வைத்திருந்தாள். மொத்தம் ஏழால் சரியாக வகுபடுகிற நாளில் மிச்சமே கிடையாது, எல்லாருக்கும் சமம். மற்ற நாளில் திருமலை கூடை கனக்கும்.

"நா அன்னிக்கே சொன்னேன்" என்று உசேன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்கு இருந்தது.

"கிராம்ல தான் ஓடணும்னு நானே வெச்சிக் குடுத்தேன். யாரு மாத்துனா?" என்றாள்.

"டேப்லெட்டு யாராண்ட கீது?"

"கேபின்ல. எல்லாரும் தொடுவாங்க."

அந்த நிமிஷத்தில் அவள் மனசில் ரஞ்சித் வந்து உட்கார்ந்தான். எல்லாம் பொருந்தியது. மிஷின் வந்ததில் பெருமை போனது அவனுக்கு. போனைக் கையை விட்டு இறக்காதவன், எந்தப் பொத்தான் என்ன செய்யும் என்று தெரிந்தவன் அவன். திருமலை இறங்கினால் அடுத்து ஸ்டியரிங்கைப் பிடிக்கப் போகிறவனும் அவன். பொத்தானை மாற்றியது புருஷன், ஊரெல்லாம் பரப்பியது பெண்டாட்டி. கிண்டி வருவதற்குள் கீர்த்தி கேசை முடித்துத் தீர்ப்பும் எழுதிவிட்டாள். அவனைக் கேட்டுப் பார்க்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அந்த வாரமே வரதன் வீட்டுக்கு வந்தார். படகில் மூத்த ஆள், திருமலையோடு சின்ன வயதிலிருந்து கடலுக்குப் போகிறவர். வாசலிலேயே நின்றார். அம்மா நாற்காலி எடுத்துப் போட்டாள், உட்காரவில்லை. டீ போட்டாள், குடிக்கவில்லை. டீயை மறுத்ததும் விஷயம் முற்றிவிட்டது என்று எல்லாருக்கும் புரிந்தது.

"திருமல, பசங்க மொணவிகினு கீறானுங்க. இந்த நட போய்ட்டு வந்து எறங்கனதும் ஒரு முடிவு தெரிஞ்சாவணும். இல்லாங்காட்டி அல்லாரும் எறங்கிக்கிறோம். ஓனராண்டயும் சொல்லிருவோம்."

"சரி" என்றார் திருமலை. அவ்வளவுதான் சொன்னார்.

கீர்த்திக்குப் பொறுக்கவில்லை. "மாமா, நா வார்ஃபுக்கே வரேன். எங்க தப்பு, எவன் பண்ணான்னு அல்லாருக்கும் முன்னாடி காட்றேன்."

"நீ வராத" என்றார் திருமலை, அவள் பக்கம் திரும்பாமல்.

"நா தானே செஞ்சேன்? நா வராம?"

"வராதன்னா வராத."

மகள் நாலு ஆம்பளைகள் நடுவில் நின்று பேச்சு வாங்குவதை அவர் விரும்பவில்லை என்று அவள் எடுத்துக்கொண்டாள். அதனாலேயே கட்டாயம் போவது என்று முடிவு செய்தாள்.

படகு திரும்பிய அன்று லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே காசிமேட்டில் நின்றாள். வார்ஃப் என்கிற அந்தப் படகுத்துறை முழுக்க ஐஸ் தண்ணீரும் டீசலும். ஏலக்காரர்களின் கூச்சல். படகுகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்று அலைக்கு ஏறி இறங்கின. ஆட்கள் எல்லாம் இறங்கி நின்றிருந்தார்கள். பங்கு வாங்க நீலாவும் சட்டியோடு வந்திருந்தாள். திருமலை மகளைப் பார்த்ததும் வாயிலிருந்த பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

கீர்த்தி டேப்லெட்டை வாங்கி எல்லாரும் பார்க்கும்படி பிடித்துக்கொண்டாள். ஆபீசில் பெரிய பெரிய ஆட்களுக்கு முன்னால் பேசியவளுக்கு இங்கே எதில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மிஷின் திருடவில்லை என்றாள். மிச்சம் விழுந்தால் அது முதல் பெயருக்குப் போகும், அந்த முதல் பெயர் தற்செயலாக அப்பாவுடையது, கிராமில் வைத்திருக்கும்வரை அந்த மிச்சம் ஒரு எறா எடைகூட வராது என்றாள். அப்புறம் முழு கிலோவைத் தட்டிக் காட்டினாள். திரையில் தெரிந்ததை வரதன் கண்ணை இடுக்கிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே திருமலையைப் பார்த்தார்.

"அப்ப கூடதான் வியுந்துகினு இருந்திருக்குது" என்றார்.

"ஆமா மாமா. ஆனா இது தானா மாறாது. நா எய்தனது அப்பிடி மாறாது. யாரோ ஒருத்தரு வேணும்னே அயுத்தி மாத்தி வெச்சிருக்காங்க. எங்க நைனாவ திருடன்னு ஆக்கறதுக்கு." அவள் திரும்பி ரஞ்சித்தை நேராகப் பார்த்தாள். "யாருக்கு அதனால லாபமோ அவங்கள கேளுங்க."

ரஞ்சித்துக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும் அவமானத்தில் முகம் கோணிப்போய் நின்றான். நீலாதான் சட்டியைக் கீழே போட்டுவிட்டு வந்தாள்.

"இன்னாடி சொன்ன? எம் புருசனயா சொன்ன? நாலு எழுத்து படிச்சிட்டா யார வோண்ணாலும் சொல்லிருவியா நீ? கண்ணால பாத்தியா?"

"பாக்கணும்னு இன்னா கீது? ஸ்டியரிங்க புடிக்க யாரு காத்துகினு கீறாங்கன்னு ஊருக்கே தெரியும்."

"கீர்த்தி" என்றார் திருமலை.

"நீ இரு நைனா."

"ரஞ்சித்த சொல்லாத. அயுத்தனது நாந்தான்."

கீர்த்தி அப்பாவைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, வரதனைப் பார்த்துச் சொன்னார்.

"நாந்தான் மாத்தனேன். இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. இவ மேல யாரும் வாய வெக்காதீங்க."

வரதன் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கூட வியுதுன்னு தெரிஞ்சி தான் வுட்டியா திருமல?"

"தெரிஞ்சிதான்."

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் கீர்த்தி திரும்பக் கத்தியிருப்பாள். திருமலை படகில் ஏறினார், கேபினிலிருந்து தன் பையையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு இறங்கினார். ஓனருக்கு நானே சொல்லிவிடுகிறேன் என்றார். வரதன் தார்ப்பாயை உதறி விரிக்கச் சொன்னார். ஆட்கள் எறாவைக் கொட்டிக் கூறு போட ஆரம்பித்தார்கள். ஆறு கூறு.

கீர்த்தி ரஞ்சித்திடம் போனாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, "அண்ணே" என்று மட்டும் சொன்னாள். அவன் குனிந்து கூடையைத் தூக்கிக்கொண்டு அவளைச் சுற்றிப் போனான்.

ஸ்கூட்டரில் பின்னால் அப்பாவை உட்கார வைத்துக்கொண்டு எக்ஸ்பிரஸ் ரோட்டில் போனபோது அவள் உடம்பெல்லாம் கொதித்தது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் மைல் கணக்கில் வரிசை கட்டி நின்றன. ஊருக்கெல்லாம் முன்னால் எவனையோ கைகாட்டி விட்டு, கடைசியில் சொந்த அப்பனைப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். திருவொற்றியூர் தாண்டும்வரை பொறுத்தாள். அதற்குமேல் முடியவில்லை. கடலோரக் கல்லுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினாள்.

"ஏன் நைனா பண்ண? நமக்கு இன்னா கொற? எறாவுக்கா பண்ண?"

திருமலை வண்டியை விட்டு இறங்கிக் கல்லில் குந்தினார். கையில் பை இருந்தது.

"மொத தபா ஒண்ணும் நெனச்சி அயுத்தல. அந்தக் கிராமு நம்பரு காத்துக்கு ஆடிகினே இருக்கும். கொக்கில கூடையும் ஆடாம நிக்காது. படகும் ஆடுது, நம்பரும் ஆடுது, மிஷினு சத்தமே போடாது. பசங்க கத்துவானுங்க. பக்கத்து பட்டன அயுத்தனேன், டக்குனு நின்னுச்சி. சரின்னு அப்பிடியே வுட்டுட்டேன்."

கீர்த்தி இதை யோசித்ததே இல்லை. தராசை அவள் சோதித்தது வீட்டு உத்தரத்தில் மாட்டி. வீட்டில் காற்றும் இல்லை, அலையும் இல்லை.

"அத்த அங்கயே சொல்றதுதானே? தெரியாம அயுத்தனேன்னு சொன்னா வரதன் மாமா நம்பியிருப்பாரு."

"அப்பால தெரிஞ்சிதே. கொஞ்ச நாளு போனப்புறம் கூடைய தூக்கறப்பவே தெரிஞ்சிது. நம்முளுது கனமா கீதுன்னு. ஒங்கம்மாவும் சொன்னா."

"தெரிஞ்சா எங்கிட்ட கேக்க வேணாமா? நா சரி பண்ணிருப்பேனே!"

லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அது ஓயட்டும் என்று அவர் காத்திருந்த மாதிரி இருந்தது.

"நீ வெச்சதுன்னு நெனச்சேன்."

"இன்னாது?"

"எம் பேர மொதல்ல போட்டிருந்த. எனக்கு மட்டும் கூட வியுது. பொண்ணு அப்பனுக்காக ஏதோ பண்ணி வெச்சிருக்குதுன்னு நெனச்சேன். வயசாவுதே, எத்தினி நாளு கடலுக்குப் போவான்னு. கேட்டா ஒனக்கு ஒரு மாதிரி ஆய்டும்னு கேக்கல." பையின் காதைத் திருகிக்கொண்டே பேசினார். "தப்புன்னு தெரியும். ஆனா சந்தோசமா இருந்திச்சி. அதான் அங்க அப்பிடிச் சொன்னேன். தெரியாம நடந்துதுன்னு சொன்னா, அப்ப மிஷின்ல வெச்சது யாருன்னு அடுத்து ஒம்மேல திரும்பும். எம்மேலயே போவட்டும்."

நீலா சந்தேகப்பட்டாள், வரதன் சந்தேகப்பட்டார், அதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். வீட்டுக்குள் ஒரு மனிதர் இத்தனை மாதமாக, தன் மகள் திருடி என்று நம்பிக்கொண்டு, அவள் போட்ட சோற்றைப் போல அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அந்தத் திருட்டுக்காக அவளை இன்னும் கொஞ்சம் அதிகமாக நேசித்துமிருக்கிறார். எதற்குக் கோபப்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அழுகைதான் வந்தது.

"நா அப்பிடிப் பண்ணுவேனா நைனா? ஆறு பேரு வயித்துல அடிச்சி ஒனக்குக் குடுப்பேனா?"

திருமலை எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்தார். கையில் எறா வாடை அடித்தது. சுற்றும் முற்றும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சரி, அயுவாத. இப்ப இங்க யாரும் இல்ல. என்னாண்ட மட்டும் சொல்லு கண்ணு. நீதானே வெச்ச?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். மிச்சம் முதல் ஆளுக்கு என்ற வரியை அவள் கைதான் எழுதியது, முதல் ஆளாக அவர் பெயரைத் தட்டியதும் அதே கைதான். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார், அவள் ஆமாம் என்று சொல்லிவிட வேண்டுமே என்று.